டெண்டர் என்று எழுதியிருந்தது

எந்நேரமும் என்னைத் துரைச்சாணி என்று கேலி செய்துகொண்டிருந்த என் நங்கையாவுக்கு,

அண்ணன் பெண்டாட்டியை நங்கையா என்று கூப்பிடுவது நம் பக்கத்து வழக்கம். இங்கே கோயமுத்தூரில் என்னோடு வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் அண்ணி என்கிறார்கள். எனக்கு அது வாயில் வரவே மாட்டேன் என்கிறது. நீங்கள் போய்ப் பத்து வருஷமாகிறது. அண்ணன் இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதனால் நான் வேறு யாரையும் நங்கையா என்று கூப்பிடவும் இல்லை.

உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் "என்ன எழுதியிருக்கு, படி அம்மணி" என்று என்னிடம்தான் நீட்டுவீர்கள். இந்தக் கடிதத்தை அங்கே உங்களுக்கு யார் படித்துச் சொல்வார்களோ தெரியாது. யார் படித்தாலும் சரி, நான் படித்துச் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு தடவை நான் படித்துச் சொன்னதை நம்பித்தான் நீங்கள் செத்துப்போனீர்கள்.

சுற்றி வளைக்கத் தெம்பில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். இது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்பதுதான் நாலு வருஷமாக என்னைத் தின்கிறது. தெரிந்திருந்தால் ஒரு கனவிலாவது வந்து திட்டியிருப்பீர்கள். வருகிறீர்கள், ஆனால் திட்டுவதில்லை. வயிற்றைக் காட்டிக்கொண்டு கட்டிலில் படுத்திருக்கிறீர்கள், நான் அமுக்கிப் பார்க்கிறேன், அவ்வளவுதான் கனவு.

அந்தச் செவ்வாய்க்கிழமை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உடுமலைப்பேட்டையிலிருந்து மிஷன் ஆஸ்பத்திரி வண்டி வாரம் ஒரு நாள் நம் ஊருக்கு வந்து பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நிற்கும். முந்தின நாள் ராத்திரியிலிருந்தே வயிற்றில் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ரெண்டு தடவை வாந்தி, ஒரு தடவை வயிற்றாலே போனது. வெள்ளைச் சேலை மாதிரி வெளுத்துப்போன முகத்தோடு நடந்தே வந்தீர்கள். ரெண்டு வயசு வசந்தாவை நான் இடுப்பில் வைத்திருந்தேன்.

டாக்டரம்மா வடக்கத்திக்காரர். தமிழில் உட்கார், படு, நாக்கு நீட்டு என்ற மூன்றும்தான் தெரியும். மற்றதையெல்லாம் கம்பவுண்டர்தான் நமக்குச் சொல்வார். அவர் அன்றைக்கு மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டார். அதனாலென்ன, நான் இருக்கிறேனே! எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள், இங்கிலீஷில் பரிசு வாங்கியவள். "ஐ நோ இங்கிலீஷ், மேடம்" என்று முன்னால் போய் நின்றேன். அந்தத் திமிரை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அவர் உங்கள் வயிற்றின் வலது பக்கம் கையை வைத்து அமுக்கினார். நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டீர்கள், சத்தம் போடவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்து "டெண்டர், யூ சீ? டெண்டர்" என்றார். நான் தலையை ஆட்டினேன். புரியாதபோது தலையாட்டுகிற பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது? நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மேலே உங்கள் பேரும் கீழே மூன்று வரியும் எழுதிக் கையில் கொடுத்தார், வலிக்கு ரெண்டு மாத்திரையும் கொடுத்தார். வண்டி அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கேட்டார், நீங்களும் கேட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வார்த்தையைத் தவிர எல்லாம் தெரிந்திருந்தது. வயிறு, டெண்டர். காலையிலும் இன்னும் டெண்டராக இருந்தால், உடனே கோயமுத்தூருக்கு அனுப்பு. இவ்வளவுதான் அந்த மூன்று வரி. நான் வாய்விட்டுப் படித்ததும் அந்த வலியிலும் நீங்கள் சிரித்தீர்கள்.

"உங்கண்ணன் டெண்டரு என்ர வவுத்துக்குள்ள எப்ப அம்மணி வந்துச்சு?"

அண்ணனும் சிரித்துவிட்டார். அமராவதி அணை கட்டி முடித்த புதிதல்லவா அது. எங்கே பார்த்தாலும் வாய்க்கால் வேலை, மதகு வேலை என்று கான்ட்ராக்ட். அண்ணன் முதன்முதலாக ஒரு வாய்க்கால் வேலைக்கு டெண்டர் போட்டிருந்தார். மறுநாள் கோயமுத்தூரில் அதைப் பிரிக்கிறார்கள். ஒரு மாசமாக நம் வீட்டில் சோறு தண்ணி என்பதைவிட அதிகமாகப் புழங்கிய வார்த்தை அதுதான்.

பரிசாக வந்த அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தின் கடைசி வரியில் இருந்தது அந்த வார்த்தை. மென்மையான, இளம், இளகிய. அதோடு பக்கம் முடிந்தது. எனக்கு உடனே பொறி தட்டியது. வயிற்றாலே போயிருக்கிறது, அகராதியில் இளகிய என்று போட்டிருக்கிறது, பிறகென்ன? வயிறு இளகியிருக்கிறது, காலையிலும் இளக்கமாகவே இருந்தால் கோயமுத்தூருக்குக் கொண்டு போக வேண்டும் என்று உங்கள் ரெண்டு பேருக்கும் விளக்கமாகச் சொன்னேன். "அட, இதுக்குத்தானா" என்று நீங்கள் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டீர்கள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

விடிந்ததும் கட்டிலுக்கு வந்து உங்கள் வயிற்றில் கை வைத்தேன். பலகை மாதிரி இருந்தது. கை பட்டதும் பல்லைக் கடித்தீர்கள், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயிற்றாலே போவது நின்றுவிட்டிருந்தது. முந்தின நாள் இருந்த அந்தக் குத்தல் இப்போது இல்லை, மரத்த மாதிரி இருக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள். எனக்கு அப்படியொரு சந்தோஷம். இளக்கம் போய்க் கெட்டியாகிவிட்டது என்று அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

வாசலில் கார் வந்து நின்றது. அண்ணனோடு டெண்டர் போட்ட இன்னொருவருடைய கார், அவரும் கோயமுத்தூருக்குத்தான் போகிறார். பின்சீட்டு முழுக்கக் காலி. அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு நின்று என்னைக் கேட்டார்.

"என்ன அம்மணி, நான் போகட்டுமா? இருக்கட்டுமா?"

"கெட்டியாத்தானுங்கண்ணா இருக்குது. போய்ட்டு வாங்க."

இதுதான் நான் சொன்னது, ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. உங்களை எங்கே கொண்டு போக வேண்டும் என்று அந்தத் தாளில் இருந்ததோ அதே ஊருக்கு, காலிச் சீட்டோடு, உங்களை விட்டுவிட்டு அந்தக் கார் போனது. நீங்களும் படுத்தபடியே கையை ஆட்டி அனுப்பினீர்கள். மத்தியானத்துக்கு மேல் காய்ச்சல் கண்டது. சாயங்காலம் நான் சொன்ன எதுவும் உங்களுக்குக் காதில் விழவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் மறுநாள் விடியற்காலையில் எங்கிருந்தோ ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பொள்ளாச்சி தாண்டுவதற்குள் என் மடியிலேயே நீங்கள் போய்விட்டீர்கள். உங்களைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் கிடத்தியிருந்தோம்.

அண்ணன் முந்தின நாள் வேலை முடியாமல் கோயமுத்தூரிலேயே தங்கிவிட்டு அன்றைக்கு மத்தியானம் வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி மண் பாதையில் வேகமாக நடந்து வந்தவர், தூரத்தில் என் தலையைக் கண்டதும் அங்கிருந்தே சொன்னார். "அம்மணி, டெண்டர் நமக்குத்தான்!" அப்புறம்தான் கூட்டத்தைப் பார்த்தார்.

அந்த வேலையை அவர் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த டெண்டரும் போடவில்லை. கான்ட்ராக்ட் ஆசையில் பெண்டாட்டியைச் சாகக் கொடுத்தவன் என்று தன்னைத் தானே சொல்லிக்கொண்டு பத்து வருஷமாகத் தோட்டமும் மாடும் என்று கிடக்கிறார். உங்கள் அண்ணன் தம்பிகள்கூட அதே வார்த்தையை அவர் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அப்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னை மட்டும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பாவம், அந்தப் பிள்ளை தன்னால் ஆனதையெல்லாம் செய்தது என்றார்கள்.

எனக்கும் ஆறு வருஷம் தெரியாது நங்கையா. சத்தியமாகத் தெரியாது. விதி என்று அழுதேன், தேற்றிக்கொண்டேன், டைப்ரைட்டிங் பாஸ் செய்தேன், துடியலூர்ப் பக்கம் ஒரு மில் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஆபீஸ் படியில் கால் மடங்கி விழுந்துவிட்டேன். மில் டாக்டர் கணுக்காலை அமுக்கி "டெண்டர்?" என்று கேட்டார். வீக்கம் கல் மாதிரி இருந்தது. "நோ சார், ஹார்ட்" என்று இங்கிலீஷிலேயே பதில் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டுத் தமிழில் சொன்னார். "கெட்டியா இளக்கமான்னு கேக்கலீங்க அம்மணி. தொட்டா நோகுதான்னு கேட்டேன்."

அப்புறம் எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது. கால் வலி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பெட்டியிலிருந்து அகராதியை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினேன். அடுத்த பக்கத்து முதல் வரியில் இருந்தது. தொட்டால் நோகிற. இவ்வளவுதான், ஒரே ஒரு பக்கம். நான் ஏன் புரட்டவில்லை? எச்சில் தொட்டு ஒரு தாளைத் திருப்ப எனக்கு என்ன கேடு வந்தது?

அன்றிலிருந்து இந்த வார்த்தை என்னை விடுவதில்லை. மில்லில் கழிவுப் பஞ்சு விற்க டெண்டர், கட்டடம் கட்ட டெண்டர், எல்லாம் நான்தான் டைப் அடிக்க வேண்டும். வேலையை விட்டுப் போகிறவன் ராஜினாமாவை டெண்டர் செய்கிறேன் என்று எழுதச் சொல்கிறான். வெளியூரிலிருந்து பெரிய மனுஷர்கள் வந்தால் அவர்களுக்கு இளநீர் வாங்க ஒரு சீட்டு, அதிலும் டெண்டர் கோகனட். போத்தனூர் ஸ்டேஷனில் ரயில் என்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணியும் சுமந்துகொண்டு வருகிற பெட்டிக்கு என்ன பேர் என்று வசந்தா ஒருத்தரைக் கேட்டாள், அவர் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். இளம்பிள்ளையும் டெண்டராம், இளகின மனசும் டெண்டராம், ரணமும் டெண்டராம். இத்தனையையும் ஒரே வார்த்தைக்குள் திணித்து வைத்தவன் எவன்? நமக்கு நோவு என்றால் நோவுதானே, அதைப் பிஞ்சு என்று யாராவது சொல்வோமா?

ஒவ்வொரு தடவை அந்த வார்த்தையை அடிக்கும்போதும் விரல் நுனியில் உங்கள் வயிறு வருகிறது. அந்தச் சூடு, அந்தக் கெட்டி. கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். "என்ன சரசு, பேய் பிடிச்சுதா?" என்று பக்கத்து மேஜைக்காரி கேட்பாள். ஒரு நாள் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கொடுமை என்னவென்றால் என்னைப் படிக்க வைத்ததே நீங்கள்தான். அப்பா அம்மா இல்லாத வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தீர்கள். எனக்குப் பதினாலு வயசில் அண்ணன் மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பியபோது, "ஏனுங்க, அவ படிக்கட்டுமுங்க, ஊட்டுக்கு ஒரு துரைச்சாணி இருந்தா என்னவாம்" என்று தடுத்தீர்கள். நீங்கள் வாங்கிக் கொடுத்த இங்கிலீஷ்தான் உங்களை முடித்தது. படிக்காதவளாக இருந்திருந்தால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உடுமலைக்கு ஓடி யாரையாவது கேட்டிருப்பேன் அல்லவா?

தெரிந்துகொண்ட அன்றே அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த வருஷம்தான் வசந்தாவைப் பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்க வைக்க என்னிடம் கொண்டுவந்து விட்டிருந்தார். சொன்னால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று பயந்தேன். அவள் ராத்திரி என் மேல் காலைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவாள். அதற்காக உங்கள் வீட்டுக்காரரைச் செய்யாத குற்றத்துக்கு நாலு வருஷம் கூடுதலாக வேக விட்டேன்.

போன மாசம் பள்ளி லீவுக்கு வசந்தா ஊருக்குப் போய்விட்டு வந்தாள். பன்னிரண்டு வயசாகிறது, உங்கள் நெற்றி, உங்கள் வாய்த்துடுக்கு. அப்பாவின் பெட்டியைக் குடைந்து அந்தத் தாளை எடுத்து வந்திருக்கிறாள். உங்கள் பேர் எழுதிய காகிதம் என்று அண்ணன் அதைப் பத்திரமாக மடித்து வைத்திருந்தாராம். என் முன்னால் விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"டெண்டர்னா மென்மைன்னு டீச்சர் சொன்னாங்க அத்தை. அம்மா வவுறு மென்மையா இருந்துச்சுன்னா ஆஸ்பத்திரிக்கு எதுக்கு அனுப்பச் சொன்னாங்க?"

பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குக் கேட்கத் தோன்றிய கேள்வி பத்தொன்பது வயசில் எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். என்ன பதில் சொன்னேன் தெரியுமா? அது டாக்டர்கள் எழுதுகிற பாஷை, உனக்குப் புரியாது கண்ணு என்றேன். உங்கள் விஷயத்தில் தெரியாமல் தப்பாகச் சொன்னேன். அவளிடம் தெரிந்தே தப்பாகச் சொன்னேன். அதற்கு மேல் என்னால் அந்த வீட்டில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனேன்.

அண்ணன் கிணற்று மேட்டில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தாள், அகராதி, புரட்டாத பக்கம், மில் டாக்டர், நாலு வருஷம். நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை அண்ணா, நான்தான், என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றுதான் போயிருந்தேன்.

மாடு குடித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வைத்தார். அப்புறம் என்னைப் பார்க்காமலே பேசினார்.

"காலைல நானும் அவ மொகத்தப் பார்த்தேன் அம்மணி. நோவு கொறைஞ்ச மொகம் இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சுது. வாசல்ல காரு நிக்குது. போய்ட்டு வாங்கன்னு நீ சொல்லோணும்னுதான் உன்னைக் கேட்டேன். நீயும் சொல்லிப்போட்ட."

அவரை விடுவிக்கலாம் என்று போனேன் நங்கையா, அவர் விடுபடவில்லை. அவர் என்னை மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. வசந்தாவை அனுப்பிவிடட்டுமா என்று மட்டும் கேட்டேன்.

"அவ உன்ரகூடவே இருக்கட்டும். ஆனா அவளுக்கு நீ சொல்லீரோணும். அவ அம்மா நோவில்லாமத் தூக்கத்துல போயிட்டான்னு இத்தனை நாளா நாம சொல்லி வச்சிருக்கமல்ல, அதையும் சேர்த்துச் சொல்லு."

திரும்பி வருகிற பஸ்ஸில் அதுதான் மனசை அறுத்துக்கொண்டே வந்தது. என் தப்பைச் சொல்வதுகூடப் பெரிசில்லை. என்னை அத்தை என்று கூப்பிடாமல் போனால் போகட்டும், அது எனக்கு வர வேண்டியதுதான். ஆனால் அந்த வார்த்தைக்குச் சரியான அர்த்தத்தைச் சொன்னால், அம்மா எப்படிப் போனாள் என்பதையும் அவளுக்குச் சொன்னதாகிறது. நீங்கள் ரெண்டு நாள் துடித்ததை அந்தப் பிள்ளை தலையில் எப்படி ஏற்றுவேன்? ஏற்றாமல் எப்படி இருப்பேன்?

இந்தக் கடிதத்தை ஒரு பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன், ஆனால் அவளிடம் பேசி முடித்த பிறகுதான். ஊருக்கு ஒருத்தராக, வீட்டுக்கு ஒருத்தராக இங்கிலீஷ் தெரிந்தவர் என்று பேர் எடுத்து உட்கார்ந்திருப்பவர்கள் இதைப் படிக்கக்கூடும். தெரியவில்லை என்று சொல்ல வாய் வராமல் தலையை ஆட்டுகிறவர்கள் அவர்களில் என்னைப் போல் எத்தனை பேரோ.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் நங்கையா. நாளைக்குச் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வசந்தாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த மூன்று வரியையும் அவளுக்குத் தமிழில் சொல்வேன். வயிற்றைத் தொட்டால் நோகிறது. விடிந்த பிறகும் நோகுமானால் உடனே கோயமுத்தூருக்கு அனுப்பு. அன்றைக்கு நான் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். அம்மாவுக்கு நொந்துச்சா அத்தை என்று அவள் கேட்பாள். நொந்துச்சு கண்ணு, நான் தொட்டுப் பார்த்த இடமெல்லாம் நொந்துச்சு என்று சொல்வேன்.

இப்படிக்கு,
நீங்கள் படிக்க வைத்த உங்கள் நாத்தனார்,
சரசு